கோதுமைமாப் பசையால் ஒட்டிய யன்னல்கள்

அன்று காலை என் கணவர் எழும்பியதும் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் இருந்தார். எனக்கும் நெற்றி இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டிருந்தது. தடிமன் வரப்போகிறது என்று நினைத்தோம். அவருக்கு ஒன்பது மணிக்கு வெளிநாட்டவர் கந்தோரில் டெர்மின், அவர்கள் குறித்துத் தந்த நேரம். விசாவை நீட்டுகிற நாள். தலையிடி என்று வீட்டில் படுக்க ஏலாது. மல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணியை ஒரு கோப்பை கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். ட்ராமில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தலையிடி போய்விட்டதாம். மல்லித்தண்ணி வேலை செய்துவிட்டது என்று நினைத்தாராம்.

ஜெர்மனியில், எசன் நகரத்தில் ஒரு பழைய நாலு மாடி வீட்டின் மேல்தட்டில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியும் கிடைத்திருந்தன. ஒரு அறையில் நாங்கள் இரண்டு பேரும் மூன்று வயது மகளும். மற்ற அறையில் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணை ஒருவர். அவருடைய மனுசியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நிலக்கரி போட்டு எரிக்கிற இரும்பு அடுப்பு எங்கள் அறையில் மட்டும்தான். வெக்கை அவருக்கும் போகட்டும் என்று இடைக்கதவைத் திறந்தே வைத்திருப்போம்.

வருத்தத்துக்குக் கைமருந்து கேட்டு என்னிடம்தான் ஆட்கள் வருவார்கள். அகதிகள் விடுதியில் இருந்த நாட்களிலேயே தொடங்கிய பழக்கம் அது. டொக்டரிடம் போக முதலில் உதவிப்பணக் கந்தோரில் ஒரு துண்டு எடுக்க வேண்டும். அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், பாஷை வேண்டும். அதைவிட என்னிடம் வருவது சுகம். வேர்க்கொம்பு, ஓமம், மஞ்சள், யூக்கலிப்டஸ் எண்ணெய் எல்லாம் பேணி பேணியாக வைத்திருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பை ஆயத்தமாக இருக்கும். பொலித்தீனில் சுற்றிய பத்திரங்கள், பால்மா, மெழுகுதிரி, பிள்ளைக்கு இரண்டு உடுப்பு. ஊரில் ஆமி சுற்றிவளைக்கும்போது அள்ளிக்கொண்டு ஓடிப் பழகியவள் நான். இங்கே எதற்கு என்று கணவர் சிரிப்பார். ஆனால் பையை எடுத்து வைக்கச் சொன்னதில்லை.

அந்த மாரியில் குளிர் யன்னல் இடுக்குகளால் கத்திபோல வந்தது. கோதுமைமாவைக் காய்ச்சிப் பசை செய்து, பேப்பரை நீளம் நீளமாகக் கிழித்து, இடுக்கு முழுவதும் மூன்று மடிப்பாக ஒட்டினேன். வாசல் கதவின் அடியில் பழைய சீலையைச் சுருட்டி வைத்தேன். அடுப்பின் புகைக்குழாயில் ஒரு தகடு இருக்கும். அதைத் திருகி முக்கால்வாசி மூடினால் கரி மெல்ல மெல்ல எரிந்து நெடுநேரம் நிற்கும் என்பதையும் நானே கண்டுபிடித்தேன். அறை அடைகாக்கிற கோழியின் வயிறு மாதிரி இருந்தது. பார்க்க வந்த சனம் அதிசயப்பட்டது. நாலு வீட்டார் என்னிடம் கேட்டுப்போய் அதேமாதிரி ஒட்டினார்கள். அதில் ஒரு வீட்டுக்கு நானே பசைச் சட்டியோடு போய் ஒட்டிக் காட்டினேன்.

எங்களுக்குத் தலை இடித்த அந்தக் காலைக்கு முதல்நாள் பின்னேரம் காலநிலை மாறியிருந்தது. பனி உருகி, கூரைகளின்மேல் மூடுபனி அசையாமல் படுத்துவிட்டது. காற்று என்பதே இல்லை.

கணவர் போனபிறகு பக்கத்து அறையிலிருந்து அண்ணை கூப்பிட்டார்.

"தங்கச்சி, எனக்கும் அந்த மல்லித்தண்ணி ஒரு கோப்பை தாரும். தலை வெடிக்குது."

கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்த உடனே சத்தி எடுத்தார். இது சும்மா தடிமன் இல்லை, காய்ச்சல் தொற்றிவிட்டது என்று முடிவு செய்தேன். அடுப்பில் தண்ணி கொதிக்க வைத்து யூக்கலிப்டஸ் எண்ணெய் விட்டு, மகளைப் போர்வைக்குள் வைத்து ஆவி பிடிப்பித்தேன். ஆவி என்றால் கத்திக் குளறுகிற பிள்ளை அன்று பேசாமல் இருந்தாள். உதடு வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. வெக்கையில் சிவந்திருக்கிறது என்று நினைத்தேன்.

கரி முடிந்திருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். படியில் கால் இரண்டும் என்னுடையவை இல்லாதமாதிரி இருந்தன. நிலவறையின் கம்பி யன்னலால் ஈரக் குளிர் வந்துகொண்டிருந்தது. வாளியை நிரப்பிவிட்டு, மூச்சு வாங்க அங்கேயே ஒரு பெட்டியில் இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தலையிடி குறைந்தது. மருந்து பிடிக்கிறது என்று சந்தோசப்பட்டேன். மேலே வந்து அடுப்பில் கரியைப் போட்டு முடிப்பதற்குள் திரும்பவும் இடிக்கத் தொடங்கியது.

மகள் நித்திரையாகிவிட்டாள். காலை பத்து மணிக்கு அவள் ஒருநாளும் படுத்ததில்லை.

"குஞ்சு, எழும்பம்மா. அம்மாவைப் பார்."

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. மூடிக்கொண்டாள். கன்னத்தில் தட்டினேன். தலை மற்றப் பக்கம் சரிந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. என் பேணிகளில் இதற்கு ஒன்றும் இல்லை என்று விளங்கியது.

கீழ்த்தட்டில் ஒரு ஜெர்மன் மனுசி தனிய இருந்தா. ஐம்பது வயதைத் தாண்டியவ. புருசன் கரிச்சுரங்கத்தில் வேலை செய்து செத்தவர். படி கூட்டுகிற முறைக்காக ஒருதரம் எங்களோடு சண்டை பிடித்தவ, அதற்குப்பிறகு வணக்கத்தோடு சரி. அவவிடம்தான் டெலிபோன் இருந்தது. போய்க் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த பத்துச் சொல்லில் சொன்னேன்: பிள்ளை வருத்தம். தலை. எனக்கும் தலை. அண்ணைக்கும். எல்லாருக்கும்.

"அல்லெ?" என்று கேட்டா. எல்லாருக்குமா என்று.

"யா, அல்லெ."

"ஓஃபன்?" என்று அடுத்த கேள்வி. அடுப்பு.

"யா, அடுப்பு நல்லது. நல்ல சூடு" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அந்த நேரத்திலும் அதில் எனக்கு ஒரு பெருமை.

அவ என்னைத் தள்ளிக்கொண்டு வீட்டுச் செருப்போடு மேலே ஓடினா. அறைக்குள் வந்ததும் நேரே யன்னலுக்குப் போய்க் கைபிடியை இழுத்தா. யன்னல் அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தா. பேப்பரின் மேல்மடிப்பு மட்டும் கிழிந்து கையோடு வந்தது. திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினா. அந்தச் சொல் எனக்குத் தெரியாது. ஆனால் நிலவறையில் போன தலையிடி இந்த அறையில் ஏன் திரும்பி வந்தது என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது.

கரி அள்ளுகிற இரும்புக் கரண்டியால் கண்ணாடியில் அடித்தேன். முதல் அடியில் வெடித்தது, இரண்டாவதில் முற்றத்தில் போய் விழுந்தது. அவ மகளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினா. நான் அண்ணையிடம் போனேன். கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் நிலத்தில் கிடந்தார்.

"அண்ணை, எழும்புங்கோ! வெளியால வாங்கோ!"

"ஏலாது, தங்கச்சி" என்றார். அதற்குமேல் பேச்சு இல்லை.

தோளைப் பிடித்து இழுத்தேன். என் கையில் பலமே இல்லை. கீழ்வீட்டு மனுசி அம்புலன்சுக்கு டெலிபோன் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தா. அவரைப் போர்வையில் உருட்டி, இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் படிக்கட்டு வரை இழுத்தோம். அம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது நான் படியில் இருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கதவடியில் வருசக்கணக்காக ஆயத்தமாக வைத்த பையை எடுக்க மறந்துபோனேன்.

ஆசுப்பத்திரியில் மகளின் முகத்தில் ஒக்சிசன் மூடி போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். அரைமணித்தியாலத்துக்குப் பிறகு மகள் மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குளறினாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். ஒரு இளம் டொக்டர் வந்து, பாஷை விளங்காததால் பேப்பரில் படம் கீறிக் காட்டினார். அடுப்பு, குழாய், மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்புகிற ஒரு அம்புக்குறி. மூடுபனியில் குழாய் இழுக்காது, தகடும் மூடியிருந்தால் நஞ்சுவாயு உள்ளேதான் நிற்கும், மணம்கூட வராது. பிறகு ஒரு யன்னலைக் கீறி, அதைச் சுற்றித் தடிப்பாகக் கோடு போட்டார்.

கோட்டைப் பார்த்ததும் மற்ற நாலு வீடும் ஞாபகம் வந்தன.

ஒரு வீட்டிலும் டெலிபோன் இல்லை. வெளியே பார்த்தேன், மூடுபனி அப்படியே நின்றது. தாதியிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? மகள் என் சட்டையை விடவில்லை. மத்தியானத்துக்குக் கிட்டக் கணவர் ஓடிவந்தார். வீட்டில் உடைந்த யன்னலையும் வெறும் அறையையும் கண்டு, கீழ்வீட்டு மனுசியிடம் கேட்டு வந்தவரின் முகம் பேயறைந்தமாதிரி இருந்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை சுகம். நீங்கள் இதில நிக்காதேங்கோ. நான் யன்னல் ஒட்டக் காட்டின நாலு வீட்டுக்கும் போங்கோ. எல்லாத்தையும் திறக்கச் சொல்லுங்கோ. ஓடுங்கோ."

முதலில் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தார். டொக்டரின் படத்தைக் கையில் கொடுத்தேன். பார்த்தார், திரும்பி ஓடினார்.

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தார். மூன்று வீட்டில் திறந்துவிட்டார்கள். அதில் ஒரு வீட்டில் தாயும் மகனும் தலையிடி என்று படுத்துக் கிடந்தார்களாம். நாலாவது வீட்டுக்காரர்தான் மறுத்துவிட்டார். உன் மனுசிதானே ஒட்டச் சொன்னவ என்று சிரித்தாராம். நான் பசைச் சட்டியோடு போன வீடு அது. இரண்டு பிள்ளைகள்.

விடியும்வரை நிற்க வேண்டும் என்று தாதி சொன்னா. மகளைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு வெளிக்கிட்டேன். ட்ராமில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அந்த நாலாவது வீட்டுக்குப் போய்ச் சேர இருளத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரரே கதவைத் திறந்தார்.

"அண்ணை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். யன்னலைத் திறக்க விடுங்கோ."

"நேற்றுவரை சரி, இண்டைக்குப் பிழையோ? பிள்ளையள் விறைச்சுச் சாகட்டோ?"

"என்ரை பிள்ளை இப்ப ஆசுப்பத்திரியில கிடக்கிறா. ஒட்டினது நான்தான்."

அவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற மனுசி குசினிக்குள் போய் மரக்கறி வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினா. நான் அவரைத் தாண்டிப் போய் யன்னலில் கத்தியை விட்டேன். பசை கல்லாக இறுகியிருந்தது. அறுத்து முடிக்கக் கால்மணித்தியாலம் சென்றது. அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. யன்னல் திறந்தபோது சின்னப் பிள்ளை குளிர் குளிர் என்று சிணுங்கினது. மனுசி கோட்டைப் போட்டுவிட்டா. பிறகு நான் சொல்லாமலே, புகைக்குழாய்த் தகட்டை அவவே திருகித் திறந்தா.

எங்கள் பக்கத்து அறை அண்ணை ஐந்து நாள் ஆசுப்பத்திரியில் இருந்தார். உயிர் தப்பினார். ஆனால் கனகாலத்துக்கு வலது கை நடுங்கியது, சில சொற்கள் வாய்க்கு வராமல் நிற்கும். என்னில் அவர் ஒருநாளும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பேனை பிடிக்க ஏலாததால், மனுசிக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். நடந்ததை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவையள் அங்க பயப்பிடுவினம். இஞ்ச குளிர் கொஞ்சம் குறைஞ்சிட்டுது எண்டு எழுதும்."

என் எழுத்து அவருடையதைப்போல இருக்கட்டும் என்று, கொஞ்சம் சாய்த்து, மெல்ல மெல்ல எழுதினேன்.