சமூக சேவை: இல்லை

பள்ளி இறுதித் தேர்வில் தேறியதும் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தேன். மூன்றாம் பக்கத்தில் ‘பாடம் தவிர்த்த செயல்பாடுகள்’ என்று ஒரு பகுதி. அதற்குள் நான்கு பிரிவுகள்: விளையாட்டு, கலை, மாணவர் படை, சமூக சேவை. நிரப்பித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

முதல் மூன்றிலும் எழுத எனக்கு ஒன்றுமில்லை. மற்ற பிள்ளைகள் பந்து விளையாடிய நேரத்தில் நான் களை பறித்துக்கொண்டிருந்தேன். நான்காவதில் மட்டும் எழுதினேன்: ‘எங்கள் தெருவில் இருபத்து மூன்று பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன்.’

கூலித் தகராறு முற்றியிருந்த காலம் அது. எங்கள் குடிசைகள் மிராசுதார் நிலத்தில் இருந்தன. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டது. உடனே மிராசுதாரின் கணக்குப்பிள்ளை தெருவுக்கு வந்தார். ரேஷன் கார்டுக்கு என்று சொல்லி, மூன்று பெண்களிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிப்போனார். ‘இந்த மனையில் எங்களுக்குப் பாத்தியதை இல்லை’ என்று அதற்கு மேலே எழுதிக்கொண்டார்கள். பத்து நாளில் மூன்று வீட்டுக் கூரையையும் பிரித்துப் போட்டார்கள். ஒன்று என் சித்தியின் வீடு.

அன்று அம்மா என்னிடம், “எம் பேர எழுதக் கத்துக்குடுடி. இனிமே இந்தக் கட்டைவெரல எவன்கிட்டயும் நீட்ட மாட்டேன்” என்றாள்.

கோடை, வயலில் வேலையில்லை. வறண்டு கிடந்த வாய்க்கால் மணலில் உட்கார்ந்து குச்சியால் எழுதினோம். முதலில் அம்மாவும் சித்தியும், பிறகு தெருவே வந்தது. பெயரில் ‘ழ’ இருந்த ஒருத்தி, “எங்கப்பனுக்கு வேற பேரே கெடைக்கலியா?” என்று குச்சியை எறிந்துவிட்டுப் போவாள். மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

தலைமையாசிரியர் நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, இது சேவையா? கட்சி வேலை. மனைக்கு மனுப் போடத்தானே கத்துக்குடுத்த?”

“கையெழுத்துப் போடத்தான் சார் கத்துக்குடுத்தேன்.”

“சேவைன்னா ஒரு சங்கம் இருக்கணும், சான்றிதழ் இருக்கணும். இத நான் எதுல சேக்குறது?”

மேசையில் மிராசுதார் மகனின் படிவமும் இருந்தது. சமூக சேவை என்ற இடத்தில் ‘கோயில் குளம் தூர்வாரும் பணிக்குத் தலைமை தாங்கினார்’ என்று எழுதியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“சார், அந்தக் கொளத்துல எறங்கி மண்ணு சொமந்தது எங்கம்மாவும் எங்க தெரு ஆளுங்களும். இவரு போட்டோ எடுக்கிற வரைக்கும் மம்பட்டியப் புடிச்சிக்கிட்டு நின்னாரு.”

“போட்டோ இருக்குல்ல? உங்கிட்ட என்ன இருக்கு?”

நான் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “கையெழுத்து வேணுமா, வேணாமா?”

“வேணும் சார்” என்றேன். இன்றைக்கும் என்மீதே எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஒரு சொல்லை நினைக்கும்போதுதான்.

அதே வாரம் மனை விசாரணை வந்தது. அலுவலகத்தில் எங்கள் ஆட்களைக் கண்டதுமே குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினார். “அத அந்தாண்ட வைங்க. பேனா குடுங்க” என்றாள் அம்மா. ஒவ்வொருத்தியாகக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயரெழுதினார்கள். சித்தியும் எழுதினாள். சில மாதம் கழித்து இருபது பேருக்குப் பட்டா வந்தது. கைநாட்டு வைத்த மூவருக்கு இல்லை. எதிரே நின்று பெயரெழுதிய பெண்ணைவிட, கணக்குப்பிள்ளை வைத்திருந்த தாள் அதிகாரிக்குப் பெரிதாகப் பட்டது.

கல்லூரி நேர்காணலில் ஒரு பேராசிரியர் படிவத்தைப் புரட்டினார். “சமூக சேவை இல்லைன்னு இருக்கே? படிச்ச பொண்ணு, ஊர்மேல அக்கறை வேணாமா?”

இந்த முறை நான் வாயை மூடவில்லை. கூரை பிரித்ததிலிருந்து தலைமையாசிரியர் சிவப்பு மையால் அடித்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படிவத்தை மூடினார்.

“மார்க் இருக்கு, சீட் கெடைச்சிடும். இந்தப் பேச்ச மட்டும் கொறைச்சிக்க.”

இடம் கிடைத்தது, படித்தேன், ஆசிரியையும் ஆனேன். பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை. சித்தி சாகும்வரை வாய்க்கால் புறம்போக்கில்தான் குடியிருந்தாள். தலைமையாசிரியர் ஓய்வுபெற்றபோது ஊரே கூடிப் பாராட்டு விழா எடுத்தது. கல்விச் சேவைக்காக என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். நான் போகவில்லை.