பொழுது படாத ஊரில் விரதம்

நான் நோர்வேக்குத் தங்கச்சியிடம் போயிருந்தபோதுதான், இங்கே மொன்றியலில் மகளுக்குத் திடீரென்று இருதய ஒப்பரேஷன். பொழுது படும்வரை பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அந்த ஊரில் கோடையில் பொழுதே படாதாம், யாருக்குத் தெரியும்!

தங்கச்சி கேபிள் காரில் மலையுச்சிக்கு ஏற்றிப்போய்க் கடலையும் பனிமலைகளையும் காட்டினாள். நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தும் வெயில் போகவில்லை.

"அக்கா, சாமமாகிட்டுது, சாப்பிடுங்கோ."

"சூரியன் நிக்குதெல்லோ!"

"அது அடுத்த மாசம்தான் இறங்கும். அதுமட்டும் பட்டினி கிடக்கப் போறியளே?"

நெடுநேரம் கழித்து மருமகன் போன் எடுத்தார்.

"மாமி, அவ கண் முழிச்சிட்டா. ஒரு பயமுமில்லை."

"தம்பி, அங்கை இருட்டிட்டுதோ?"

"ஓம் மாமி, நல்லா இருட்டிட்டுது."

உடனே சோற்றைப் பிசைந்தேன்.

"தங்கச்சி, நாளைக்கும் அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போ. இண்டைக்கு நான் ஒண்டும் பாக்கேல்லை."