கதவுக்கு முட்டுக்கொடுக்கச் செய்த கல்

செல்வமணி அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, நான் எங்கள் தையல் கடையில் அக்காவின் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். "விசர்க்கதை கதையாதை பிள்ளை" என்று ஏசிவிட்டேன். சுகமாகி வருவார் என்றல்லவா இருந்தேன்!

துணுக்காயில் அவரிடம் சட்டை தைப்பித்த உங்களுக்கு அவருடைய கல் பைத்தியமும் தெரியும். குளக்கட்டில் வழுவழுப்பான கல்லைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். கழுவி, வெள்ளைப் பெயின்ற் பூசி, பூவும் கொடியுமாக வரைவார். "சீலையில பூப் போட்டா ஆரோ கட்டிக் கிழிப்பினம். கல்லை ஆர் கிழிக்கிறது?" என்பார்.

என் வீட்டுக் கதவு காற்றுக்கு அடிக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். முட்டுக்கொடுக்கவென்று தேங்காயளவு கல்லொன்றில் செந்தாமரை வரைந்து, கடைக்கு முன்னால் பாலைமரத்தடியில் காயவைத்தார். பின்னேரம் எடுக்க மறந்துபோனோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. வந்து பார்த்தால் கல்லுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வரத்தம்பூ! மரத்தடியில் கல்லைக் கண்டால் எங்கள் சனம் சும்மா போகுமா?

"என்ர கதவுக் கல்லெல்லோ அக்கா, எடுத்துத் தாங்கோ" என்றேன். போனவர் வெறுங்கையோடு வந்தார்.

"ஒரு தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு அழுது கும்பிடுறா. எப்பிடித் தூக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது.

அக்காவுக்கு நோய் கண்டபிறகு, அதே கல்லுக்கு முன்னால் அவரே கண்ணை மூடி நின்றதைப் பார்த்துத் திகைத்துப்போனேன்.

"நீங்கள் கீறின கல்லெல்லோ அக்கா?"

"ஓம், பூவை நான்தான் கீறினனான். கல்லை நான் செய்யேல்லையே."

பகிடியா, நிசமா? அன்றைக்குக் கேட்கத் துணியவில்லை. இனி யாரிடம் கேட்பது?

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து மகள் கடைக்கு வந்தாள். தாயின் கல் ஒன்றாவது வேண்டுமாம். மற்றதையெல்லாம் அக்கா ஊருக்குக் கொடுத்து முடித்திருந்தார். மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "தொடாதேங்கோ பிள்ளை, சாமி" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். அது கதவுக்குச் செய்த கல் என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். சொன்னால் அந்தப் பெண்ணின் சாமி என்னாவது? சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை வெறுங்கையோடு போவாள். கடைசியில், "இந்தப் பிள்ளையின்ர அம்மா கீறின கல்லு. அவா செத்துப்போனா" என்றேன்.

அந்தப் பெண் கோபிக்கவில்லை. "ஐயோ, அப்பிடியே? அப்ப அவாவுக்கும் சேர்த்துக் கொளுத்துறன்" என்று இன்னொரு கற்பூரம் வைத்தார். மகள் விம்மி அழுதாள். கல்லைத் தூக்கவில்லை.

நானும் கைகூப்பினேன். சாமியையா கும்பிட்டேன், அக்காவையா? இன்னும் விளங்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் குழப்பம்தான். வெள்ளிக்கிழமைகளில் அதையும் கொண்டுதான் மரத்தடிக்குப் போகிறேன்.