உயிரோடு இருப்பவளின் பேய்ப்படம்

எங்கள் விடுதியில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பேய் தினமும் காலை ஆறரைக்கு வந்து, என் சமையலறையில் ஒரு டீ குடித்துவிட்டு, வாளியும் துடைப்பமுமாக மாடி ஏறும். மூட்டுவலி என்று முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்ளும். நாங்கள் அதை அக்கா என்று கூப்பிடுவோம்.

இருநூறு வருடத்துக் கட்டடம். கீழே பார், மேலே ஒன்பது அறைகள். இருபத்தாறு வருடமாக அந்த அறைகளைப் பெருக்கித் துடைத்தவள் அக்கா. கட்டிலுக்கடியில் கிடந்த மோதிரம், குளியலறையில் மறந்த கைக்கடிகாரம் எல்லாவற்றையும் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். ஒருமுறை ஒற்றைக் கம்மலுக்காகப் பேருந்து நிலையம்வரை ஓடி, செருப்பு அறுந்து திரும்பினாள். கம்மலுக்குச் சொந்தக்காரி ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையாம். எனக்கென்றால் வயிறு எரிந்திருக்கும். அவள் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தாள்.

போன வருடம் தெருவிலிருந்து எவனோ விடுதியைப் படம் எடுத்தான். அந்நேரம் நான்காம் அறை ஜன்னலை அக்கா உள்ளிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரைக்குப் பின்னால் மங்கலாக ஒரு முகம், தூக்கிய ஒரு கை. முதலாளி அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பாரில் மாட்டினார். கூடவே வாய் கூசாமல் ஒரு கதையும் கட்டினார். அந்தக் காலத்தில் இங்கே வேலைசெய்தவளாம். தங்க வந்தவர்களின் நகையைத் திருடி, பிடிபட்டு, நான்காம் அறையில் தூக்கில் தொங்கினாளாம். பேயைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

திருடியாம்! யாரைப் பார்த்து?

அக்காவைக் கூப்பிட்டு, "இனிமே நீ பின்படியில ஏறு. பார் பக்கமே வராத. யாராவது பாத்தா கதை கெட்டுடும்" என்றார் முதலாளி.

"படம் இருக்கட்டும் சார். திருடின்னு மட்டும் சொல்லாதீங்க. வேற ஏதாவது சொல்லிக்கோங்க."

"அட போம்மா, செத்தவளுக்கு என்ன மானம்?"

"நான் சாகலயே சார்."

அவர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகும் அவள் மூன்று முறை கேட்டாள். செவிடன் காதுக்குக்கூட ஒரு தடவையாவது எட்டியிருக்கும்.

போன சனிக்கிழமை மதியம். பார் நிரம்பி வழிந்தது. அக்கா வாளியோடு முன்படியிலேயே இறங்கி வந்தாள். நான் நறுக்கிய வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

படத்துக்குக் கீழே நின்று சொன்னாள்: "இதுல இருக்கறது நான்தான். மேல ரூம் கூட்டறவ. உயிரோடதான் இருக்கேன். இந்த எடத்துல ஒரு குண்டூசி எடுத்ததில்ல."

குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். பிறகு கைதட்டினார்கள்! விசில் வேறு. "தத்ரூபமா நடிக்கிறாங்கப்பா" என்றான் ஒருவன். வெட்கங்கெட்ட முதலாளி அவள் காதருகே வந்து, "நல்லாருக்கே! தினமும் இதே நேரத்துக்குச் செய்யேன்" என்றார்.

 அக்கா வாளியை வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். கைதட்டல் இன்னும் பலமானது.

"ஏய், திருடி! வை அதை!" முதலாளி கத்தினார்.

அக்கா திரும்பினாள். படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"என் மூஞ்சிய நான் எடுத்துட்டுப் போறேன். போலீஸக் கூப்பிடுங்க. ரெண்டையும் வச்சுப் பாத்துட்டு, யாரு திருடினதுன்னு அவங்களே சொல்லட்டும்."

கைதட்டல் நின்றது. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். அவள் படியிறங்கித் தெருவுக்குப் போனாள். முதலாளி போலீசைக் கூப்பிடவில்லை.