சித்தப்பா சொன்னது ஒரு பெயர்

அந்த அறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள்: கட்டிலில் என் சித்தப்பா, பக்கத்தில் டாக்டர், நாற்காலியில் காகிதத்தோடு ஒரு பெண் மேஜிஸ்ட்ரேட். அப்பா இல்லை, சித்தி இல்லை, நான் இல்லை. மரண வாக்குமூலம் வாங்கும்போது சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது என்று எங்களை வராந்தாக் கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அது அவமானமாகப் பட்டது. அதன் அருமை எனக்குக் கோர்ட்டில்தான் புரிந்தது.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்களுக்கும் பங்காளிகளான அண்ணன் தம்பி இருவருக்கும் கிணறு பொது. தக்காளிக்குத் தண்ணீர் விடுவது யார் முறை என்று வந்த சண்டையில் அந்த அண்ணன் மண்வெட்டியால் சித்தப்பா தலையில் வெட்டிவிட்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் சித்தப்பா எங்களிடம் சொன்னது 'பெரியவன்' என்ற ஒரே சொல்.

போலீசுக்கு மனு எழுத வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். "சின்னவனையும் சேத்து எழுதுடா. வெளிய வுட்டா அண்ணனுக்குச் சாட்சி சொல்லிக் காப்பாத்திருவான்" என்றார் அப்பா. அடிதடி மனு என்றால் எதிராளி வீட்டு ஆண்களை எல்லாம் சேர்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். 'சகோதரர்கள் இருவரும் கூட்டாகத் தாக்கினார்கள்' என்று சித்தப்பா சொன்னதாகவே ஒரு வரி எழுதி, அரை மயக்கத்தில் கிடந்தவரின் பெருவிரலை மையில் தொட்டு ஒற்றினேன். நன்றாக எழுதிவிட்டதாகப் பெருமை வேறு. அண்ணன் தம்பி இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். மறுநாள் தெளிந்த சித்தப்பாவிடம் அப்பா அதையே காதோடு சொல்லிவைத்தார். அன்று மாலைதான் மேஜிஸ்ட்ரேட் வந்தார். அதற்கடுத்த நாள் சித்தப்பா போய்விட்டார்.

தருமபுரி கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் என் மனு, மேஜிஸ்ட்ரேட் எழுதிய வாக்குமூலம் இரண்டையும் தூக்கிக் காட்டினார். ஒன்றில் இருவர், மற்றதில் ஒருவர். செத்துப்போனது ஒரு சித்தப்பாவா, ரெண்டு சித்தப்பாவா என்று கேட்டார். சிரித்தார்கள். இரண்டையுமே நம்ப முடியாது என்றாகிவிட்டால் வெட்டியவனும் தப்பிவிடுவான் என்று அரசு வக்கீல் எங்களிடம் சொன்னார்.

மேஜிஸ்ட்ரேட் சாட்சி சொல்ல வந்தார். முதலில் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாராம். நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே சம்பவத்துக்கு வந்தாராம். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்றும் கேட்டிருக்கிறார். சித்தப்பாவின் பதிலை அவர் பேசியபடியே எழுதியிருந்தார். வாசித்தார்:

"வெளிய நிக்கிறவங்க ரெண்டு பேரையும் சொல்லச் சொன்னாங்கம்மா. வெட்டுனது பெரியவன் மட்டுந்தானுங்க. சின்னவன் மண்வெட்டியப் புடிச்சு இழுத்தான். அவன் உள்ளங்கையில காயம் இருக்கும், பாருங்க."

கூண்டிலிருந்த சின்னவன் கையை விரித்தான். தழும்பு இருந்தது. தலை பிளந்து கிடந்த மனிதர், தன்னைக் காப்பாற்ற வந்த கையை மறக்கவில்லை.

அடுத்து நான். பொய் மனு எழுதியதற்கு உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அப்பா பயமுறுத்தியிருந்தார். ஆனாலும் சொன்னேன்: "சித்தப்பா சொன்னது ஒருத்தனத்தானுங்கய்யா. சின்னவன் பேர நான்தான் சேத்தேன்."

மேஜிஸ்ட்ரேட் எழுதியதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். பெரியவனுக்கு ஆயுள் தண்டனை. என்னைக் கண்டித்ததோடு விட்டார். சின்னவன் விடுதலை, ஆனால் ஜாமீன் கிடைப்பதற்குள்ளேயே ஐந்து மாதம் ஜெயிலில் இருந்திருந்தான்.

மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "உங்க சித்தப்பன் மனுசன்டா" என்றான். ஜாமீனுக்கும் வக்கீலுக்குமாகக் கறவை மாடு ரெண்டும் போய், கடனும் ஆகிவிட்டதாம். தொழுவம் காலியாகத்தான் கிடந்தது.

"நீ படிச்ச படிப்புக்கு எங்கூட்டுல இருந்துதான்டா பீஸ் கட்டியிருக்கோம். ஒரு லட்சத்து நாப்பதாயிரம்."