ஆறு அசைக்கு ஒரு பல்செட்

பல்செட்டுக்காரர் செய்து கொடுத்த பல்லால் ஒரு கிழவர் கதவிலிருந்து ஆணி பிடுங்கினாராம். அதில் பாதியை நம்பலாம். முழுதாக நம்ப வேண்டியது அவர் சோதிக்கும் முறையை. புதுப் பல் மாட்டிய எவரும் 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்று சொல்லிக் காட்டாமல் பட்டறைப் படி இறங்க முடியாது. தலையில் 'ரெஸ்பான்ஸ்': முன்பல் இடுக்கில் காற்று சீராகப் போகிறதா என்று தெரிந்துவிடும். வாலில் 'இட்டி': நாக்கு நுனி தகட்டில் இடிக்கிறதா என்று காட்டிவிடும். நடுவில் வரும் 'பில்'தான் எமன். ஆறு அசையின் அழுத்தமும் அதன் மேலேயே விழுவதால், பிடிப்பில்லாத தகடு அங்கே கழன்றுவிடும்.

அன்று காலை நாற்காலியில் இருந்தது சம்பந்தியம்மா, அவர் மகனுக்குப் பெண் கொடுத்தவர். பக்கத்துப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். குளியலறையில் வழுக்கி விழுந்து மேல்வரிசையைப் பறிகொடுத்திருந்தார். இன்னும் சற்று நேரத்தில் மேலாளர் அவர் குரலைக் கேட்கப் போகிறார். உளறினால் மைக் வேறொருத்திக்குப் போய்விடும்.

"ரெஸ்பான்சி..."

தகடு மடியில் விழுந்தது.

"ஒரு இடத்துல நிக்குதா பாருங்க, உங்க புள்ள மாதிரியே," என்றார் பொக்கை வாயால்.

பல்செட்டுக்காரர் அரத்தை எடுத்தார். விளிம்பை ராவி மறுபடி மாட்டினார். மறுபடி 'பில்'லில் கழன்றது. அப்போதுதான் கவனித்தார்: அந்த அசை வருமுன்பே சம்பந்தியம்மா நாக்கைப் பின்னுக்கு இழுத்துத் தாடையை இறுக்கிக்கொள்கிறார். தகட்டில் குறையில்லை, பயம்தான் அதைத் தள்ளுகிறது. பயத்தை ராவ அவரிடம் அரம் இல்லை.

பல்லைத் திரும்ப மாட்டிவிட்டு, "பேசாம நாளைக்கு வர்றதா சொல்லி அனுப்பிடட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாளைக்கா? ஒரு மாசமா ஊமை மாதிரி உட்காந்திருக்கேன், சாவகாசமா நாளைக்குங்கறீங்க. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையையே வீட்ல விட்டுட்டு வண்டியக் கிளப்பினவருதானே. உங்க குடும்பத்துக்கே ரெஸ்பான்சிபிலிட்டி கிடையாது சம்பந்தி."

அவர் சம்பந்தியம்மாவின் வாயையே பார்த்தார். சம்பந்தியம்மாவும் சட்டென்று நிறுத்தி, விரலால் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். இருந்த இடத்தில் இருந்தது.

"மிச்சத்த வந்து திட்டறேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

பல்செட்டுக்காரருக்கு வேலை ஓடவில்லை. நிலையத்துக்குப் போய்ப் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்தார். ஒலிபெருக்கி செருமியது. முதல் அறிவிப்பு சம்பந்தியம்மாவின் குரலில் ஓரெழுத்தும் சிதறாமல் வந்தது. பல்செட்டுக்காரர் அடுத்ததற்குக் காதைத் தீட்டிக்கொண்டார். அடுத்த அறிவிப்பும் அதே குரல்தான்: மலைப்பாதைப் பேருந்து இரண்டு மணி நேரம் தாமதம்.

கூட்டம் மொத்தமும் சலித்துக்கொண்டது. முழுப் பல்லும் தெரியச் சிரித்தவர் ஒருவர்தான்.