ஒன்றாம் தேதி ஒயின்

சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்து மதுக்கடையில் ஷட்டர் இறங்கியிருக்கிறது. அதிக விலையில்லாத ஒயின் ஒரு பாட்டில், தோதாக மீன் குழம்பு: காய்ச்சலுக்குப் பிறகு நாக்குச் செத்துப்போன என் கணவர் வாய்விட்டுக் கேட்டது இதைத்தான். வெறுங்கையோடு, அறை எடுத்திருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறோம்.

"இன்னிக்கு ஒண்ணாம் தேதியல்லே? மாசாமாசம் இந்த ஒரு நாள் கேரளா முழுக்க அடைப்பாக்கும்" என்று சிரிக்கிறார் வீட்டுக்காரரான ஸ்டெல்லா அக்கா. நாகர்கோவிலிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் பரணியில் ஊறப்போட்ட திராட்சை ஒயினில் மிச்சமிருப்பதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து டம்ளரில் ஊற்றுகிறார். கூடவே மரவள்ளிக்கிழங்கும், குடம்புளி போட்டுச் சிவக்கச் சிவக்க வைத்த மீன் குழம்பும்.

ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். பாகு மாதிரி இனிக்கிறது.

"அக்கா, இவ்வளவு இனிப்பு மீனுக்குச் சரிப்படுமா?"

"எரிவுக்கு மதுரம்தான் சரி. முதல்ல குழம்பு, பின்ன ஒயின். கழிச்சு நோக்குங்க, சாப்பிட்டுப் பாருங்க."

அப்படியே செய்கிறோம். குழம்பின் காரத்தில் காது அடைக்கிறது. ஒரு மடக்கு ஒயின் இறங்கியதும் எரிச்சல் அடங்கி, மீனின் ருசி மட்டும் நாக்கில் நிற்கிறது. கணவர் இன்னொரு துண்டை எடுத்து மெதுவாக மெல்லுகிறார். முகத்தைச் சுளிக்கிறார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

ஸ்டெல்லா அக்காவின் முகம் வாடுகிறது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். முப்பது வருஷமாய் என் குழம்பில் உப்பைக் குறை சொன்ன மனுஷன், மூன்று மாதமாய் எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.